பிளாஸ்டிக் இல்லாத தாமானில் எங்கள் வீடு

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன பிறகு, எங்கள் வீட்டு முன்னறையில் கிடந்த சோபாவையும் கண்ணாடி மேசையையும் பாரோயில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள் வந்து குடியேறின. மாதத்துக்கு ஒரு தடவை லாரி வரும். டிரைவரும் நானுமாகப் பெட்டிகளை இறக்கிச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்குவோம். பெட்டிக்குள் தெளிந்த நீர் நிரம்பிய பைகள் இருக்கும். அந்த நீரை ஒரு குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்துவிட வேண்டும். உடம்பில் சேர்ந்த கழிவு அதோடு வந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு தடவை இப்படி. ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் படுக்கலாம், இல்லாவிட்டால் வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னபோது, அவள் யோசிக்கவே இல்லை. வீடு என்றாள். எங்கள் ஊரான சுவாவிலிருந்து சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று தடவை அலைய அவளுக்கு விருப்பமில்லை.

"தண்ணி மாத்துறது" என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். காத்தாடியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மாஸ்க் போட்டு, கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பையைத் தொடலாம். கிருமி ஒன்று உள்ளே போனால் வயிறு புண்ணாகிவிடும் என்று தாதி எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார். புதுப் பை மேலே கொக்கியில் தொங்கும். காலிப் பை கீழே ஒரு தாம்பாளத்தில் கிடக்கும். பழைய தண்ணீர் இறங்கி, புதுத் தண்ணீர் ஏறும் வரை நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். நான் வேலைக்குப் போன காலத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. அவள் பேசுவாள், நான் கேட்பேன். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும். சிரிக்கிறாளா, முறைக்கிறாளா என்று கண்ணைப் பார்த்தே சொல்லப் பழகிவிட்டேன்.

முடிந்ததும் மிஞ்சுவது பிளாஸ்டிக். இரண்டு பைகள், அவற்றைச் சுற்றியிருந்த உறை, முழம் முழமாகக் குழாய், மூடி, கவ்வி. பழைய தண்ணீரைக் கக்கூஸில் ஊற்றிவிட்டு மற்றதைக் கறுப்புப் பையில் கட்டி வாசலில் வைப்போம். குப்பை லாரி வருகிற நாளில் எங்கள் வாசலைப் பார்க்கிறவர்கள் உள்ளே பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் தாமானுக்குப் பசுமை இயக்கம் வந்து சேர்ந்தது.

எங்கள் தாமான், தோட்ட வேலைக்காரர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு. மூன்று பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம். நாலாவது பக்கத்துச் செம்பனையை வெட்டிவிட்டுச் சூரிய வெளிச்சத்தில் கரண்ட் எடுக்கும் தகடுகளைப் பரப்பியிருக்கிறார்கள். மத்தியானத்தில் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசும். வேலியில் மாட்டிய பலகையில் ஒரு பச்சை இலைப் படம். மரத்தையெல்லாம் வெட்டிப்போட்ட இடத்தில் இலைப் படம் எதற்கு என்று அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். செம்பனையும் காடு இல்லையே என்பாள் மனைவி. அவள் அங்கேதான் பிறந்தவள். அந்தப் பேச்சில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் நம்பிக்கை குறைவு என்பதற்குக் காரணம் உண்டு. சிரம்பானில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். நட்சத்திரம் அதிகமுள்ள ஐஸ்பெட்டி கரண்டைக் குறைவாகத் தின்னும் என்று சொல்லித்தான் விற்போம். அது உண்மைதான். ஆனால் வாங்கியவர்கள் முன்பிருந்ததைவிடப் பெரிய பெட்டியாக வாங்கினார்கள். பழையதையும் தூக்கிப் போடாமல் அடுப்படியில் ஓடவிட்டார்கள். வேலையை விட்ட பிறகும் சாமானைத் திருப்பிப் பார்த்துப் படிக்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. இலைப் படம் போட்ட சவர்க்காரத்தையும் படம் போடாத சவர்க்காரத்தையும் பசாரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். பாதிக்கு மேல் ஒரே சரக்காக இருக்கும். மகள் வாங்கிக் கொடுத்த சோலார் விளக்கு முதல் மழைக்காலத்தோடு கண்ணை மூடிவிட்டது. பூமியைக் காப்பாற்றும் கூட்டம் எது நடந்தாலும் ஆளுக்கொரு துணிப்பை கொடுக்கிறார்கள். எங்கள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கத் துணிப்பைகள். அவற்றில் போட்டுத் தூக்கிவர எங்களிடம் அவ்வளவு சாமான் கிடையாது.

இயக்கத்தை ஆரம்பித்தவள் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுப் பெண். போர்ட்டிக்சனில் பேங்கில் வேலை. கல்யாணமாகி இங்கே குடிவந்தவள். வீடு வீடாக வந்து, ஞாயிற்றுக்கிழமை பாலாய் ராயா பொது மண்டபத்தில் கூட்டம், எல்லாரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் போகவில்லை. மனைவி போனாள். நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் வேறொரு இடத்துக்கு அவள் நல்ல உடுப்பு உடுத்திக் கிளம்பியது அன்றைக்குத்தான். மாம்பழ மஞ்சளில் ஒரு பஞ்சாபி சூட். வயிற்றில் தண்ணீர் இருப்பதால் அது இடுப்பில் இறுக்கியது. பக்கவாட்டில் தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. பிளாஸ்டிக்கைக் குறைக்கும் வீடுகளின் கேட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். கை தூக்கச் சொன்னார்களாம், இவளும் தூக்கினாளாம்.

நம் வீட்டுக் குப்பையை மறந்துவிட்டாயா என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"அது மருந்துங்க. குப்பையில சேராது. மத்ததக் குறைக்கலாம்ல?" என்றாள்.

குறைக்கத்தான் செய்தாள். எங்கள் வீட்டில் எதையும் அரைகுறையாகச் செய்யும் ஆள் நான் மட்டும்தான். மீன் வாங்கப் போனால் மூடி போட்ட டப்பா. கடையில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுத் தருவார்களே, அதற்குப் பதில் ஒரு ஃபிளாஸ்க். ரொட்டி சானாய்க்குக் குழம்பு வாங்கத் தூக்குச்சட்டி. தூக்கிக்கொண்டு போகிறவன் நான். சாலை முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ராமநாதபுரத்துப் பக்கம் அவருடைய பூர்வீகம். பையில் ஊற்றினால் கைக்கு அளவு தெரியும், சட்டியில் ஊற்றினால் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே குழம்பை விளிம்பு வரை ஊற்றிவிட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. இயக்கத்தால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை அந்தக் குழம்புதான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கண் சிரித்தது.

சில வாரங்களில் எங்கள் கேட்டிலும் ஸ்டிக்கர் ஏறியது. அவள் துணியை நனைத்து அதைத் துடைப்பதை நான் பார்த்தேன்.

பிறகு குரங்கு வந்தது. தோட்டத்துக் குரங்குகள் எப்போதாவது தாமானுக்குள் வந்து வாழைப்பழத்தைத் தூக்கிப்போகும், அவ்வளவுதான். அந்தக் காலையில் குப்பை லாரி நேரத்துக்கு வரவில்லை. குரங்குக் கூட்டம் ஒன்று எங்கள் கறுப்புப் பைகளைக் கிழித்து, உள்ளே இருந்ததை இழுத்துக்கொண்டு தெரு நெடுகப் போயிருக்கிறது. நான் மோட்டார் சைக்கிளில் போய்ப் பேப்பர் வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேலிகளில் குழாய் தொங்கியது. சாக்கடையில் பைகள் மிதந்தன. ஒரு குட்டிக்குரங்கு எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்து ஒரு பையின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது.

மனைவி தெருவில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிப்போய், நீ உள்ளே போ, கிருமி தொற்றிவிடும் என்றேன். அவள் போகவில்லை. கடைசிக் குழாயை எடுக்கும் வரை குனிந்து நிமிர்ந்துகொண்டே இருந்தாள்.

அதற்குள் யாரோ அதைப் படம் எடுத்துத் தாமான் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். எந்த வீடு என்று எழுதவில்லை. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகளிலிருந்து இப்படியா என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பொம்மைகள் நாலைந்து.

மத்தியானம் தண்ணீர் மாற்ற உட்கார்ந்தோம். அன்று நான்தான் என்னென்னவோ பேசினேன். பழைய தண்ணீர் இறங்கி முடிந்தது. மேல் பையைத் திறக்கும் நேரத்தில் அவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் ஒருத்தி உயிரோட இருக்கிறதுக்கு இவ்வளவு குப்பை ஆகுதுங்களே."

கையைக் கழுவியிருந்ததால் நான் அவளைத் தொட முடியாது. திற, என்று மட்டும் சொன்னேன். அவள் திறந்தாள். தண்ணீர் ஏறியது.

சாயங்காலம் நான் கடைசி வீட்டுக்குப் போனேன். என்னென்ன கேட்பது என்று நடந்துகொண்டே அடுக்கி வைத்திருந்தேன். சிகரெட் துண்டையும் பீர் டின்னையும் சாக்கடையில் போடுகிறவனை விட்டுவிட்டு நோயாளியைத்தான் பிடிப்பீர்களா என்று கேட்பதாக இருந்தேன். அந்தப் பெண் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கழுத்தில் பேங்க் அட்டையோடு. நான் பேசப் பேச அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவளுக்கு எதுவும் தெரியாது. படம் போட்டதும் அவளில்லை. ஆண்டிக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும், இனிப்பு நீர் வியாதி என்று நினைத்தேன், இது தெரியாது என்றாள். அடுக்கி வைத்திருந்ததில் பாதியை நான் கேட்கவே இல்லை.

அன்று இரவே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழுவிலிருந்து படத்தை நீக்கச் சொல்லி, நீக்கியாகிவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆனால், ஆண்டி, எப்படிச் செய்வீர்கள் என்று நான் பார்க்கலாமா என்று கேட்டாள். மனைவி கொஞ்சம் தயங்கிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு மாஸ்க் எடுத்துக் கொடுத்தாள். அந்த மாஸ்க்கோடு அந்தப் பெண் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரம் நின்றேன். குழாயில் தண்ணீர் இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி, ஆஸ்பத்திரித் தாதி சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒவ்வொன்றும் எதற்கென்று அவளுக்கு விளக்கினாள். மனைவிக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடைத்தது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

போகும்போது அந்தப் பெண், இந்தப் பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயும் மிதியடியும் செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன, நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கழுவிக் காய வைத்துத் தந்தால் சாக்கில் சேர்த்துப் பாலாய் ராயா ஸ்டோரில் வைக்கலாம், நிறையச் சேர்ந்ததும் எடுத்துப் போவார்கள் என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பெனிக்காரன் போனில் சரி என்பான், லாரி அனுப்ப மாட்டான். ஆனால் மனைவி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தாதியிடம் கேட்டோம். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள் என்றார். அன்றிலிருந்து மத்தியானங்களில் மனைவி பைகளை வெட்டிக் கழுவி, பின்புறத்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். வெயில் அவற்றின் வழியாகப் புகுந்து சிமெண்டுத் தரையில் தண்ணீர் நிழல் மாதிரி ஆடும். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அப்பாலிருந்து என்ன ஏதென்று கேட்டு, பிறகு இந்தப் பக்கமே வந்து பைகளை மடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் வேலியோரம் நின்று ரெண்டு வார்த்தை பேசியதோடு சரி. இப்போது இருவருக்கும் தினமும் கதை. நான் சாக்கை மோட்டார் முன்னால் வைத்து ஸ்டோருக்குக் கொண்டுபோய்ப் போடுவேன்.

தீபாவளி விருந்துக்கு நாற்காலிகள் எடுக்க ஸ்டோரின் உள்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். நாங்கள் கொடுத்த சாக்குகள் எல்லாம் அங்கேயே இருந்தன. முதல் சாக்கிலிருந்து எல்லாமே. கீழே இருந்தவற்றில் எலி ஓட்டை போட்டிருந்தது. நான் நினைத்ததுதான் நடந்திருந்தது. ஆனால் சந்தோஷமாக இல்லை. நாற்காலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் ரெம்பா டவுனுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்கே பழைய சாமான் எடுக்கும் ஒரு சீனரிடம் மாதிரிக்குச் சில பைகளைக் காட்டினேன். அவர் விரலால் நீவிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சாமான் வேண்டாம் என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார். கொடியில் பைகள் காய்வதைப் பார்த்தபோதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு மத்தியானம் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கும்போது, எழுந்து போகவும் முடியாத நேரம் என்பதால், சொல்லிவிட்டேன்.

அவள் கண்ணில் ஒன்றும் மாறவில்லை.

"தெரியும். அந்தப் புள்ள எப்பவோ வந்து சொல்லிருச்சு" என்றாள்.

கம்பெனியில் முதலில் சரி என்றார்களாம். பிறகு, வீட்டிலிருந்து வருவதை எடுக்க மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மொத்தமாக வந்தால்தான் என்றார்களாம். அந்தப் பெண் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாளாம். வேறு யாராவது எடுக்கிறார்களா பார்க்கலாம் என்றுதான் சாக்குகளை வைத்திருக்கிறார்களாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீங்க, நான் அப்பவே சொன்னேன்லன்னு சொல்வீங்க."

சொல்லியிருப்பேன்தான். அப்படியானால் எதற்காகத் தினமும் கழுவிக் காயப்போடுகிறாய் என்று கேட்டேன். அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். இந்த நீரில் சர்க்கரை கலந்திருக்கிறது, முதல் நாளே தாதி சொன்னாரே, மறந்துவிட்டீர்களா என்றாள். அந்த இனிப்புக்குத்தான் எறும்பு வருகிறது, குரங்கு வந்தது. கழுவினால் வாசமில்லை. இப்போது லாரிக்காக வாசலில் வைத்தாலும் எதுவும் கிழிக்காது. மடித்து வைப்பதால் மூன்று கறுப்புப் பை இருந்த இடத்தில் ஒரு பைதான். பக்கத்து வீட்டு அம்மாவும் பேச்சுத் துணைக்கு வருகிறார். அது போதாதா லா, என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். குரங்கு அதற்கப்புறம் வரவே இல்லைதான். கேட்டில் இருக்கும் ஸ்டிக்கரைவிட, நட்சத்திரத்தைவிட, இது கணக்காக இருந்தது. ஆனாலும் அவள் குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கியது. மிதியடியாகவோ எதுவாகவோ அவை ஆகியிருந்தால் அவளுக்குப் பிடித்திருக்கும். அதை மறைக்க அவள் முயலவில்லை. இரண்டு பேரும் தண்ணீர் முழுதாக ஏறும் வரை உட்கார்ந்திருந்தோம்.

சாக்குகளை நானும் அந்தப் பெண்ணும் அவள் கணவனுமாக ஒரு காலையில் குப்பை லாரியில் ஏற்றிவிட்டோம். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவள் ஏதோ ஆரம்பித்தாள். நான் அவளைப் பேசவிடவில்லை. நீ வந்து உட்கார்ந்து பார்த்தாயே, அது போதும் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த வருஷம் பாலாய் ராயா கூரையில் சோலார் தகடு போடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. விற்கிற ஆட்கள் வந்து விளக்கம் சொல்லப் போகிறார்கள். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, எப்போதும் போல மனைவியைத்தான் கூப்பிடுவாள் என்று நான் உள்ளே போகப் பார்த்தபோது, என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், நீங்க கட்டாயம் வரணும். எங்களுக்கு எல்லாம் சரின்னுதான் சொல்லத் தெரியும். நீங்க கேள்வி கேளுங்க."

போனேன். முதலில் வந்தவர் படம் போட்டு அழகாகப் பேசினார். மழையில் கரண்ட் போனால் இந்தத் தகட்டில் விளக்கு எரியுமா என்று கேட்டேன். எரியும் என்றார். பேட்டரி இல்லாமலா என்றேன். அவர் தன் ஆபீஸில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்து வந்த ஆள் இளைஞன். அதே கேள்வியைக் கேட்டேன். எரியாது அங்கிள், பேட்டரி தனியாக வாங்கினால்தான் எரியும், அது விலை கூட, இந்த இடத்துக்கு அவசியமில்லை என்றான். பகலில் கூட்டம் நடக்கிற நாளில்தான் இதனால் லாபம், வேறு நாளில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொன்னான். வெள்ளிக்கிழமைப் பாலர் வகுப்பும் அம்மாக்களின் தையல் வகுப்பும் பகலில்தான் நடக்கின்றன என்று பின்வரிசையிலிருந்து என் மனைவி எடுத்துக்கொடுத்தாள். அவனிடமே வாங்குவது என்று முடிவானது.

போட்டாகிவிட்டது. காகிதத்தில் காட்டிய அளவுக்கு பில் குறையவில்லை. ஆனால் குறைந்திருக்கிறது.

முடிவான அன்று கூட்டம் கலைந்து நாங்கள் நடந்து வீடு திரும்பினோம். வயிற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும் நேரத்தில் அவளால் வேகமாக நடக்க முடியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று நின்று வந்தாள். இப்போதாவது இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டாள். பாதி, என்றேன். உங்களுக்குப் பாதி என்றால் அது ரொம்ப ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு, அடுத்த வாசலில் பூத்திருந்த செம்பருத்தியைப் பார்க்க நின்றாள். மாஸ்க் இல்லாத முகம். வாயும் சிரித்தது.